நாலாம் வரிசைக்கு அப்பால்

கியூம்ரியில் குளிர் முதலில் விரலைத்தான் பிடிக்கும்.
நுனி கத்தரித்த கையுறையோடு
விசைப்பலகையில் குனிந்திருக்கிறாள் அர்ஷலூய்ஸ்.
பகலில் ரயில் நிலையத்துக் கணக்குப் பிரிவு.
இரவில் ட்சித்.
ஆர்மீனியனில் அது சிட்டுக்குருவி,
நம் காதுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.
இந்தச் சிட்டு சதுரங்கம் ஆடும்.

செயலிக்கும் சொல் என்று ஒன்று உண்டு,
ஒரே மூச்சில் அதன் வாய் கொள்ளும் அளவு.
அவளுடைய பழைய பெட்டிக்கு
முப்பத்திரண்டிலேயே மூச்சு முட்டும்.
பலகைக்கோ அறுபத்து நான்கு கட்டம்.
காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி
என்று எழுதினாலும் பாதிதான் கொள்ளும்.
அறுத்தாள்.
கீழ் நான்கு வரிசை ஒரு சொல்,
மேல் நான்கும் வேறொன்று.

நாலாம் வரிசையிலிருந்து ஐந்துக்கு
சிப்பாய்க்கு ஓரடிதான்.
அந்த ஓரடிக்காக
ஒரு சொல்லின் விளிம்பில் கிள்ளி
அடுத்த சொல்லின் அடியில் நட வேண்டும்.
யானை நிமிர்ந்து பார்த்தால்
பார்வை நடுப்பலகையில் நின்று
சீட்டு வாங்கிக்கொண்டு மேலே போகும்.

இதை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.
தண்டவாளம் ஆறு வரை போகிறது.
ஆற்றுக்கு அந்தப் பக்கமும் தண்டவாளம்தான்.
வண்டிதான் போவதில்லை.
அவள் பேரேட்டில் கார்ஸ் நிலையத்துக்கு
இன்னும் ஒரு பத்தி இருக்கிறது.
மாதக் கடைசியில் அதில் சுழி போடுவாள்.

கட்டட வேலைக்கு க்ராஸ்னதார் போன தம்பி ஸ்ம்பாத்
கம்பளியில் சுற்றி
அறுபத்து நான்கு அகலச் செயலியைக் கொண்டுவந்தான்.
"பார்க்க அதே மாதிரிதான் இருக்கு" என்றான்.
ஐந்து இரவு தைத்தாள்,
அறுத்ததையெல்லாம்.
ஒரே சொல்லில் முழுப் பலகை!
விநாடிக்கு மூன்று லட்சம் நிலை பார்த்த குருவி
ஐந்தே கால் லட்சம் பார்த்தது.
இரட்டிப்பு ஆகவில்லை,
பெரிய வீட்டுக்குப் போனால் சாமானும் பருக்கிறது,
ஒவ்வொரு முகவரிக்கும் இரு மடங்கு இடம்.
போகட்டும்.

சனிக்கிழமை கர்லென் வந்தான்,
மின்மாற்றி பழுதுபார்க்கிறவன்,
எண்ணெய் மணக்கும் கையால் கறுப்புக் குதிரையை
மையத்தில், ஐந்தாம் வரிசையில் வைத்தான்.
சிப்பாயால் சும்மா வெட்டலாம்.
ட்சித் வெட்டவில்லை.
ராணியை இழுத்துக்கொண்டு பின்வாங்கி
தன் ராஜா பிறந்த கட்டத்தைக் காவல் காத்தது.
அங்கே ஒன்றுமில்லை.
அடுத்த ஆட்டத்திலும் அதே.
"உன் குருவிக்குப் பேய் தெரியுது" என்று
கர்லென் இரண்டு ஆட்டமும் ஜெயித்து
சால்வையைச் சுற்றிக்கொண்டு போனான்.

விடிகாலை நாலு மணி.
குதிரையை நிறுத்தும் வரி.
ஒன்றை எடுத்து, கட்டத்தின் எண்ணளவு தள்ளு,
அவ்வளவுதான் அந்த வரி.
பெட்டி அகன்றுவிட்டது, பலகை சேர்ந்துவிட்டது,
அந்த ஒன்று மட்டும்
மொழியின் பழைய வழக்கப்படி
முப்பத்திரண்டுக்குள்ளேயே குடியிருக்கிறது.
முப்பத்தாறு தள்ளினால்
சுவரில் முட்டி, சுற்றிவந்து,
நாலில் நிற்கிறது.
ஐந்தாம் வரிசைக் குதிரை
முதல் வரிசையில் தன் ராஜாவின் வாசலில்.
யாரும் அதை நிறுத்தவில்லை,
அவளேதான், மூன்று குளிர்காலம் முந்தி,
அவசரத்தில்.

பக்கத்தில் மூன்று எழுத்தைச் சேர்த்தாள்.
டீ ஆறியிருந்தது.
அதே நிலையைத் திரும்ப வைத்தாள்.
கண்ணிமைக்குமுன்
சிப்பாய் நாலிலிருந்து ஐந்துக்குச் சாய்ந்து ஏறி
குதிரையை எடுத்தது.

சிரிக்கவில்லை அவள்.
கையுறையைக் கழற்றி
பெட்டியின் பக்கவாட்டில், சூட்டுக்கு,
கை வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தெருவில் கர்லென் கேட்டான்:
"அப்போ நான் ஜெயிச்சது?"
"ஜெயிச்சதுதான்."
"பேயோடயா?"
"என்னோட" என்றாள்.
மாதக் கடைசி. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.